எல்லைக்கோட்டுக்கு வெளியே

விளையாட்டு வீரனைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அவனுடைய வெற்றியையும் வீழ்ச்சியையும் அலசுவதற்கு நாளேடுகள் ஒரு முழுப் பக்கத்தையே ஒதுக்கி வைக்கின்றன. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அவனைப் பார்ப்பவனைப் பற்றி எழுத ஒருவரும் முன்வருவதில்லை. இத்திங்கள் நாம் அவனைப் பற்றியே எழுதுகிறோம். நம் நீலகிரி மைதானங்களில் அவனுடைய வாய் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. அதை அடக்க வேண்டியவர்களோ அவன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காந்தலில் வாழ்வோருக்கு மலைப் பந்தாட்டத்தின் இயல்பைச் சொல்லத் தேவையில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், சரிவை வெட்டிச் சமன்செய்த தரையில், மூச்சிரைக்க ஓடும் ஆட்டம் அது. பந்து கோட்டைத் தாண்டினால் சில இடங்களில் தேயிலைப் புதருக்குள் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு முனையில் நிற்பவனுக்கு மறுமுனையின் வலைக் கம்பங்கள் தெரிவதில்லை. ஆட்டக்காரன் பந்தைத் தேடித் தவிக்கும் அந்த வேளை, வசைபாடுபவனுக்கு மட்டும் பொற்காலம். குரல் வரும், முகம் தெரியாது.

அந்தக் குரல் என்ன சொல்கிறது? பந்தைத் தவறவிட்டவனைப் பார்த்து, 'கண்ணாடி வாங்கிப் போடு' என்று சொன்னால் அதில் குற்றம் காண நாம் அவ்வளவு கடுமையானவர்கள் அல்லர். ஆனால் குரல் அங்கே நிற்பதில்லை. பையனின் நிறத்துக்குப் போகிறது. அவன் தாயிடம் போகிறது. அவன் எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தான், அவன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்து இறங்கினான் என்பதுவரை போகிறது. ஆடுபவர்கள் பெண் பிள்ளைகளாக இருந்துவிட்டால் அந்தக் குரல் சொல்வதை இம்மாத இதழில் மறைமுகமாகக்கூட எழுத முடியாது. அந்தப் பிள்ளைகள் யார்? 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்த அணியில் தாங்களும் ஒருநாள் ஆட வேண்டும் என்ற ஆசையோடு காலுறை மாட்டிக்கொண்டு வந்தவர்கள்.

இதைக் கண்டித்துப் பேசினால் நமக்குக் கிடைக்கும் மறுமொழிகள் நான்கைந்துக்கு மேல் இல்லை. 'விளையாட்டில் இதெல்லாம் சகஜம், சாமி.' 'இதைத் தாங்கிக்கொள்ளாதவன் எப்படிப் பெரிய ஆட்டக்காரன் ஆவான்?' 'வெறும் சத்தம்தானே, யாரையாவது அடித்தார்களா?' 'டிக்கெட் எடுத்தவனுக்கு வாய் திறக்கக்கூட உரிமை இல்லையா?' கடைசியாகச் சொன்னது நம்மைச் சிரிக்க வைக்கிறது. நம் மலை மைதானங்களில் டிக்கெட் ஏது? அப்படியே எடுத்திருந்தாலும், டிக்கெட் ஓர் இருக்கையை விலைக்குத் தரும். ஆடுபவனின் தாயை விலைக்குத் தராது.

நாம் மௌனத்தைக் கேட்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ஸ்நூக்கர் என்னும் மேசைக்கோல் ஆட்டம் முறையான விதிகளைப் பெற்றது 1880-களில், நம் உதகை கிளப்பில்தான். அதைப் பார்ப்பவர்கள் இருமவும் அஞ்சி அமர்ந்திருப்பார்கள். கால்பந்தையும் கிரிக்கெட்டையும் அப்படிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆரவாரம் ஆட்டத்தின் உயிர். கேலியும் ஆட்டத்துக்குப் புறம்பானதன்று. கேலி செய்யத் தெரியாத இனமா நம்முடையது? காளமேகப் புலவர் வசையையே ஒரு கலையாக்கி, அதனால் ஐந்நூறு ஆண்டுகளாக நினைவில் நிற்கிறார். அவருடைய வசைக்குச் சொல்வளம் வேண்டியிருந்தது, இலக்கணம் வேண்டியிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் பாடியவன் நான் என்று முன்னால் வந்து நிற்கும் துணிவு வேண்டியிருந்தது. இன்று மைதானத்தில் கத்துபவனிடம் இம்மூன்றில் எதுவுமில்லை.

கேலிக்கும் இழிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மைதானத்தில் காண விரும்புவோர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போகலாம். அங்கே 1920-களிலும் 30-களிலும் 'யாபா' என்று அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். தெருத்தெருவாக முயல் இறைச்சி விற்றுப் பிழைத்தவர். போட்டி நடக்கும் நாளில் புல்மேட்டில் அமர்ந்து, மைதானம் முழுவதும் கேட்கும் குரலில், மட்டையை அசைக்காமல் நின்றுகொண்டிருக்கும் ஆட்டக்காரரை நையாண்டி செய்வார். கேட்ட வீரர்களும் சிரிப்பார்கள். எதிரணித் தலைவர்களும் அவரை அறிந்திருந்தார்கள். அவர் அமர்ந்த இடத்தில் 2008-இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பார்வையாளன் ஒருவனுக்குச் சிலை! அவர் கேலி செய்தது ஆட்டத்தை, ஆளை அன்று. அவரை எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பெயர் இருந்தது.

அதே சிட்னி மைதானத்தில், அந்தச் சிலைக்குக் கூப்பிடு தூரத்தில், 2021 ஜனவரியில் நடந்ததை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜைக் கூட்டத்திலிருந்து சிலர் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். ஐதராபாத்தில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த தகப்பனின் மகன் அவர். அந்தத் தகப்பன் இறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அடக்கத்துக்கும் வீடு திரும்பாமல் அணியோடு தங்கியிருந்தார். ஜனவரி 10 அன்று அவர் நடுவரிடம் முறையிட, ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. 6 பேர் இருக்கையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் விசாரணை செய்து, இந்திய வீரர்கள் இனவசைக்கு ஆளானது உண்மையே என்று அறிவித்தது. கூடவே, வெளியேற்றப்பட்ட அந்த 6 பேரும் அதைச் செய்தவர்கள் அல்லர் என்றும் அறிவித்தது. வசை உண்மை, காயம் உண்மை, வசைபாடியவனை மட்டும் காணவில்லை. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த இடத்தில் அவனருகே இருந்தவர்களின் காதில் அது விழாமலா இருந்திருக்கும்?

கூட்டத்தில் நிற்பவனுக்குப் பெயர் போய்விடுகிறது. அந்த இழப்பை அவன் விடுதலையாக எண்ணிக்கொள்கிறான். வீட்டு வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்ல நாக்கூசும் சொல்லை, நூறு பேருக்கு நடுவே நின்று எளிதாகச் சொல்லிவிடுகிறான். காந்தல் குருசடிக்கு வந்து சிலுவைப்பாதையில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். பாடுகளின் வரலாற்றில் பிலாத்துவுக்குப் பெயர் உண்டு. சிலுவையைச் சுமந்த சீமோனுக்குப் பெயர் உண்டு. அவருடைய பிள்ளைகளுக்கும்கூடப் பெயர் உண்டு. வழியே போனவர்களாய்த் தலையை அசைத்துப் பழித்துரைத்த ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, ஆணி அறையவில்லை. வெறும் சத்தம்தான் செய்தார்கள்.

இனி நம் மலைக்கு மிக நெருங்கிய ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். கண்டி மலைநாட்டில் பிறந்த முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கடல்கடந்து போன ஒரு பாட்டனாரின் பேரன். கத்தோலிக்கத் துறவியர் வளர்த்த கட்டுகஸ்தோட்டை புனித அந்தோணியார் கல்லூரியில் பயின்றவர். பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் 7 முறை 'நோ பால்' என அறிவித்தார். நடுவர் தம் கண்ணில் பட்டதைச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அது குறித்து இன்றுவரை வாதங்கள் உண்டு. அவருடைய கை அறிவியல் முறையில் ஆராயப்பட்டு, 1996-இல் சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பு அவர் பந்துவீசத் தடையில்லை என்றது. வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

கூட்டம் அதை முடிக்கவில்லை. அதன் பிறகு அந்நாட்டு மைதானங்களில் முரளிதரன் பந்தோடு ஓடிவந்தபோதெல்லாம், கை சுழலும் அந்தக் கணத்தில், பார்வையாளர் வரிசைகளிலிருந்து 'நோ பால்' என்ற கூச்சல் எழுந்தது. ஒரு பந்துக்கு அன்று, ஒரு நாளைக்கு அன்று, பயணம் தோறும். நடுவர் சொன்னால் அது தீர்ப்பு. சோதனைக்கூடம் அதை மறுக்க முடியும். பல்லாயிரம் பேர் சேர்ந்து சொன்னால் அதை எந்தச் சோதனைக்கூடம் மறுக்கும்? பிறவியில் வளைந்த ஒரு கையைப் பார்த்து, நீ ஏமாற்றுக்காரன் என்று ஒரு கூட்டம் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. 2004-இல் அந்நாட்டுப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரைப் பந்தை எறிபவர் என்று சொல்லும் அளவுக்கு அது போயிற்று. அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பயணத்திலிருந்து முரளிதரன் விலகிக்கொண்டார். 2010 ஜூலையில், காலி மைதானத்தில், 800-ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இன்றுவரை எவரும் அந்த எண்ணை எட்டவில்லை.

'பார்த்தீர்களா, கூச்சல் அவரை என்ன செய்துவிட்டது? தாங்கினார், வென்றார்' என்று சொல்பவர்களுக்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதினோம். முரளிதரன் தாங்கினார். தாங்காதவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இராது. ஆட்டத்தை விட்டுப் போனவனுக்கு ஏது விக்கெட் கணக்கு?

அவர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் நம் நீலகிரியில் குடியேறின. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு டான்டீ தோட்டங்களை அமைத்தது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குச் செல்கிறார்கள், பந்தாடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். முரளிதரனின் சாதனையைச் சொன்னால் கைதட்டும் அதே நம்மவர்கள், அவர் பிறந்த அதே கண்டிச் சீமைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் கோட்டருகே ஓடும்போது 'சிலோன்காரா' என்று கூவுகிறார்கள்! அவன் பிறந்தது இங்கே. அவன் தகப்பன் பிறந்ததும் பெரும்பாலும் இங்கேயே. அக்கடலை அவன் படத்தில்தான் பார்த்திருப்பான்.

லயத்து வீடுகளிலிருந்து வந்து, நல்ல வேகத்தோடு ஆடி, இரண்டு ஆண்டுகளில் ஒதுங்கிக்கொண்ட இளைஞர்களை நமக்குத் தெரியும். ஒருவன் சொன்னான்: 'தோத்தா பரவாயில்லை சாமி, ஜெயிச்சா இன்னும் அதிகமா கத்துறாங்க.' இந்த ஒரு வாக்கியத்துக்கு, சகஜம் என்று சொல்பவர்கள் மறுமொழி சொல்லட்டும். தோற்றவனைப் பார்த்துச் சிரிப்பது மனித பலவீனம் என்று விட்டுவிடலாம். வென்றவனை அவன் பிறப்பைச் சொல்லி மட்டந்தட்டுவது விளையாட்டைச் சேர்ந்ததன்று. உனக்குரிய இடம் இதுவன்று என்று அவனுக்கு நினைவூட்டும் பழைய வேலை அது. ஊரில் வெளிப்படையாகச் செய்ய முடியாமல் போனதை மைதானத்தில் செய்துகொள்கிறார்கள்.

'இது பையன்களைப் பக்குவப்படுத்தும்' என்ற வாதத்தை இதற்கு முன்பும் நாம் கேட்டிருக்கிறோம். கல்லூரி விடுதிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை மூத்த மாணவர்கள் வதைத்தபோது, இதே சொற்களால்தான் அதற்கு நியாயம் கற்பித்தார்கள். கூச்சம் போகும், துணிவு வரும், வெறும் வேடிக்கை என்றார்கள். பேராசிரியர்கள்கூடத் தங்கள் காலத்து அனுபவத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகே தமிழகம் திடுக்கிட்டது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன் பின் யாரும் அதை வேடிக்கை என்று சொல்லத் துணியவில்லை. மைதானத்து வசையையும் விடுதி வதையையும் ஒரே தட்டில் வைக்கிறோமா என்று கேட்கலாம். கொலையையும் கூச்சலையும் நாம் ஒன்றாக்கவில்லை. இரண்டுக்கும் சொல்லப்படும் சாக்கு ஒன்று என்கிறோம். அந்தச் சாக்கு ஒருமுறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைவூட்டுகிறோம்.

'வெறும் சத்தம்' என்பதும் உண்மையன்று. கொரோனாத் தொற்றினால் 2020-இல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகள் பார்வையாளரின்றிக் காலி அரங்குகளில் நடந்தன. அப்போட்டிகளை ஆராய்ந்தவர்கள் இரண்டைக் கண்டார்கள். சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருந்த அனுகூலம் குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் வழக்கத்தைவிடக் குறைந்தன. பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும், கேமராக்கள் சூழ நிற்கும் நடுவர்களின் கதை இது. அப்படியானால், தேநீரும் வழிச்செலவும் மட்டுமே பெற்றுக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அதே கூட்டத்தின் நடுவே நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டிய நம் உள்ளூர் நடுவரின் நிலை என்ன? கூச்சலுக்கு அஞ்சித் தீர்ப்பை மாற்றியவர் ஒருவரை நாம் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் பெயர் சொல்லி நினைவுகூர்கிறோம். கூட்டம் வெறும் சத்தம்தான் செய்கிறது என்று நாம் எந்த வாயால் சொல்வது?

இவ்விடத்தில் தமிழர்கள் ஒரு பெருமையை எடுத்து நீட்டுவது வழக்கம்: சேப்பாக்கம். அந்தப் பெருமை பொய்யன்று. 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1999 ஜனவரி இன்னும் பெரியது. அம்மாதத் தொடக்கத்தில்தான், பாகிஸ்தான் அணி வரக்கூடாதென்று தில்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். நாடெங்கும் பதற்றம். ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழந்த பிறகு மற்றவர்கள் சரிய, இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. ஒரு கணம் அரங்கம் உறைந்தது. பிறகு எழுந்து நின்றது, கைதட்டியது. வென்ற பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கண்ணில் நீரோடு கைதட்டியவர்களை நாம் மதிக்கிறோம். தோல்வியின் வேதனையை ஒளிக்காமலே எதிரியின் திறமையை ஒப்புக்கொண்ட கூட்டம் அது.

ஆனால் கால் நூற்றாண்டுக்கும் முந்தைய ஒரு கைதட்டலை எடுத்துக் காட்டி, இன்றைய வாய்களுக்கெல்லாம் நற்சான்று வாங்கப் பார்ப்பது என்ன நேர்மை? அதே சேப்பாக்கத்தில் 2018 ஏப்ரல் 10 அன்று, எல்லைக்கோட்டருகே நின்ற வீரர்களை நோக்கிக் காலணி வீசப்பட்டது. காவிரி நீருக்கான கோரிக்கை நியாயமானதே. களத்தில் நின்ற பையன்கள் காவிரியை அடைத்து வைத்தவர்கள் அல்லர். எஞ்சிய சென்னைப் போட்டிகள் புனேக்குப் போயின. 2021 அக்டோபரில் துபாயில் இந்தியா தோற்ற இரவில், 11 பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவரை அவருடைய மதத்துக்காகக் குற்றவாளியாக்கிக் கைப்பேசி வழியே வசைமாரி பொழிந்தார்கள். 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாதில், ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தானின் முகமது ரிஸ்வானை நோக்கிக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் இறைவனின் பெயரையே கூச்சலாக்கி எறிந்தார்கள். வழிபாட்டுக்குரிய ஒரு பெயர் ஒரு மனிதனைக் குத்தும் கோலாக மாறியதைக் கண்டு மனம் நொந்த இந்து நண்பர்கள் நமக்கு உண்டு. தமிழகம் அகமதாபாதைப் பார்த்து முகம் சுளித்தது. சுளிக்கட்டும். நம் மலை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு அதே முகத்தைச் சுளிக்கிறோமா?

வசைபாடுபவன் எப்போதும் ஒருவன்தான். முதல் குரலை எழுப்புபவன் உடனே தன் இருபக்கமும் பார்க்கிறான். யாராவது சிரித்தால் இரண்டாம் குரல் வருகிறது. யாரும் சிரிக்காவிட்டால், அவன் இருமிவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அருகில் நிற்கும் சிரிப்புத்தான் அவனைக் கூட்டமாக்குகிறது. அந்தச் சிரிப்பு யாருடையது? வெளியூர் ரௌடிகளுடையது அன்று. கல்லூரியின் பழைய மாணவர்களுடையது, ஆசிரியர்களுடையது, பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கும் தகப்பன்களுடையது, காலையில் திருப்பலியில் வாசகம் வாசித்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வந்தவர்களுடையது.

எதிரணியைச் சேர்ந்தவர் கண்டித்தால் அது சண்டையாகிறது. கண்டிக்க வேண்டியவர் அதே பக்கத்தில் நிற்பவர். அமெரிக்காவின் தேசிய ஆட்டமான பேஸ்பாலில், வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்த பெருங்குழுப் போட்டிகளில் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் அடியெடுத்து வைத்தார். அதே மாதத்தில் பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மனும் அவருடைய ஆட்களும் ராபின்சனை இடைவிடாமல் இழித்துரைத்தார்கள். திருப்பிப் பேசுவதில்லை என்று தம் அணியின் தலைமைக்கு வாக்குக் கொடுத்திருந்த ராபின்சன் பொறுத்தார். பொறுக்காமல் எழுந்து சாப்மனின் ஆட்களைக் கடிந்துகொண்டவர் எட்டி ஸ்டாங்கி. அவரும் வெள்ளையர், ராபின்சன் தம் அணிக்கு வந்ததையே முதலில் விரும்பாதவர். ராபின்சனைப் பிடிக்காத ஒருவருக்கே இது பொறுக்கவில்லை. ஷமியை மதத்துக்காகப் பழித்தபோது அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாகக் கண்டித்ததும் இவ்வகையானதே. அதற்காக அவருடைய கைக்குழந்தையைக் குறித்துக்கூட மிரட்டல் வந்தது. சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை.

விளையாட்டைப் பற்றி வத்திக்கான் 2018-இல் வெளியிட்ட ஆவணம், ஊக்கமருந்து, ஊழல் ஆகியவற்றோடு ரசிகர்களின் நடத்தையையும் விளையாட்டு இன்று எதிர்கொள்ளும் சவால்களில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆவணங்கள் இருக்கட்டும். நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒலிபெருக்கி. நம் பக்கத்துப் போட்டிகளில் கூட்டத்துக்கு வசை எடுத்துக் கொடுப்பவர் பல வேளைகளில் வருணனையாளரே. ஒலிவாங்கியைக் கையில் பிடித்தவர், தடுமாறி விழுந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கிறார். ஐந்து நிமிடத்தில் மைதானம் முழுவதும் அந்தப் பெயர் ஒலிக்கிறது. அடுத்த நாள் அந்தப் பெயர் அவன் தெருவுக்கும் போய்ச் சேர்கிறது. அவரை நகைச்சுவையாளர் என்று மேடையில் பொன்னாடை போர்த்திப் பாராட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓட்டக் கணக்கையும் கோல் கணக்கையும் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒலிவாங்கியைக் கொடுத்தால் போதும்.

அடுத்து நடுவர். 2017-இல் நடந்த கூட்டமைப்புகள் கோப்பைப் போட்டிக்கு உலகக் கால்பந்துக் கழகம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. இழிவுக் கூச்சல் எழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்புச் செய்யச் சொல்லலாம். தொடர்ந்தால் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு போகலாம். பிறகும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம். பெரிய அரங்குகளுக்கு வகுத்த இந்த நடைமுறைக்கு ஒரு காசும் செலவில்லை. நம் மேட்டு மைதானத்திலும் அதைச் செய்யலாம். ஆனால் நடுவர் தனியாகச் செய்ய மாட்டார், செய்ய முடியாது. போட்டி நடத்தும் குழுவினர் அவருக்கு இருபுறமும் வந்து நின்றால் செய்வார்.

பங்குகளின் சார்பிலும், இளையோர் இயக்கங்களின் சார்பிலும், மறைந்த பெரியவர்களின் நினைவுக் கோப்பைகள் பல நம் மலையில் நடக்கின்றன. நல்ல மனிதர் ஒருவரின் படத்தை மாலையிட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் படத்தின் முன்னாலேயே அடுத்தவன் தாயைப் பழிக்க விடுவது எவ்வகை நினைவாஞ்சலி என்று அக்குழுவினர் யோசிக்க வேண்டும். அவர்கள் ஒட்டும் சுவரொட்டிகளில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, காலணி கட்டாயம் என்ற விதிகளுக்குப் பின், 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது' என்ற வரி தவறாமல் இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடமுண்டு. எந்த அணியின் ஆதரவாளர்கள் ஆட்டக்காரரின் பிறப்பையோ குடும்பத்தையோ மதத்தையோ சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ, அந்த அணியின் ஆட்டம் நிறுத்தப்படும் என்று அந்த வரி சொல்லட்டும். தன் அணி தோற்றுவிடும் என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்பவன் சிரிக்க மாட்டான், வாயைப் பொத்துவான். அடுத்த போட்டிக்கான சுவரொட்டி அச்சகத்துக்குப் போகும் முன்பே குழுவினர் கூடி இதை முடிவு செய்துவிட வேண்டும்.